எந்த எழுத்தில் படுத்தது?

கம்ப்யூட்டர் தொழில் என்பது முக்கால்வாசி, நாலு பேர் நடுவில் நின்றுகொண்டு "தெரியலைங்க சார்" என்று சொல்கிற தொழில். மீதிக் கால்வாசியில்தான் கம்ப்யூட்டர் வருகிறது. ஆபீஸிலோ ஆஸ்பத்திரியிலோ மாமியார் வீட்டிலோ, ஒரு கேள்வியை நாக்கு நுனி வரை கொண்டுவந்து, கேட்டால் சிரிப்பார்களோ என்று அப்படியே விழுங்கிய அனுபவம் உங்களுக்கும் இருக்கும். உங்களை நம்பித்தான் இதையெல்லாம் எழுதுகிறேன். பிள்ளை தூளியில் தூங்குகிறான். அவன் புரண்டால் பேனாவை வைத்துவிடுவேன். அதனால் அங்கங்கே நூல் அறுந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு பல் டாக்டர் வீட்டு மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் சென்டர். சொந்தமாகக் கம்ப்யூட்டர் வாங்காத ஆலைகளுக்குப் பட்டியலும் சீட்டும் அடித்துக் கொடுப்பது வேலை. மேனேஜர் ஒருவர், டைப் அடிக்க ராசிபுரத்திலிருந்து வரும் சரோஜா, புரோகிராம் பார்க்க நான். அவ்வளவுதான் சென்டர்.

என் கணவருக்குப் போர்வெல் ரிக் வண்டியில் வேலை. வருஷத்தில் பாதி ஆந்திராவில் எங்கேயோ தண்ணீர் தேடிக்கொண்டிருப்பார். பிள்ளை பால் மறக்கும் முன்பே நான் வேலைக்குச் சேர்ந்தேன். தற்காலிகம்தான். நிரந்தரமானால் அஸ்தம்பட்டியில் இருக்கலாம். இல்லையென்றால் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுத் தம்மம்பட்டியில் மாமனார் வீட்டோடு போய் இருந்துகொள்வது என்று பெரியவர்கள் பேசி முடிவாகியிருந்தது. "படிச்ச புள்ள, ஒரு வருசம் போய்ப் பாக்கட்டும். சலிச்சா தானா வந்துரும்" என்று என் மச்சாண்டார், கணவரின் அண்ணன், சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் பயமாக இருந்தது.

நான் படித்தது கான்வென்டில். அங்கே சிஸ்டர் ஒரு தடவை விளக்கிச் சொன்ன பிறகு யாராவது சந்தேகம் கேட்டால், அவள் கவனிக்கவில்லை என்று அர்த்தம். பெஞ்சு மேல் ஏறி நிற்க வேண்டும். எனக்கு ஆங்கிலம் நன்றாக வந்தது. கேள்வி கேட்க மட்டும் வரவில்லை.

முதல் நாள் ஈரம்

கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்ற வேண்டும். உள்ளே ஏ.சி. குளிர். உள்ளே போன கொஞ்ச நேரத்தில் வெளியே எங்கோ ஒரு குழந்தை அழுதது. யார் வீட்டுக் குழந்தையோ. ஆனால் என் உடம்புக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. ஜாக்கெட் நனைந்து, புடவையிலும் ஈரம் பரவிவிட்டது. மேஜையில் கிடந்த பிரிண்ட் பேப்பர் கட்டை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து எங்கள் பெரிய வாடிக்கையாளர், ஜவ்வரிசி தயாரிக்கும் சேகோ ஆலைக்காரர் பழனிசாமி வந்தார். அவர் ஆலைக்குக் குச்சிக்கிழங்கு கொண்டுவரும் குடியானவர்களின் எடைச் சீட்டுகளை அடித்துத் தருவதுதான் எங்கள் சென்டரின் பிழைப்பு. மேனேஜர், "இவங்கதான் புது புரோகிராமர்" என்று அறிமுகப்படுத்தினார். கும்பிடக் கையை எடுத்தால் பேப்பர் கட்டு விழுந்துவிடும். நான் கும்பிடாமல் நின்றேன். திமிர் பிடித்தவள் என்று நினைத்திருப்பார் என்று மனசுக்குள் செத்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு கணம் பார்த்தார். சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, சுவரோடு பேசுகிற மாதிரி சொன்னார்:

"ஏனுங்க மேனேஜரு, அம்மணி ஊட்டுக்குப் போயி பாப்பாவப் பாத்துட்டு வரட்டுங்க. மெசினு எங்கீங்க ஓடிப்போவுது."

சரோஜா அடித்தால் படுக்கும்

மெஷின் ஓடிப்போகவில்லை. படுத்துக்கொண்டது. நான் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே, கிழங்கு சீசன் உச்சத்தில், சீட்டு அடித்துக்கொண்டிருக்கும்போதே திரை அப்படியே உறைந்து நிற்கும். எந்த விசையைத் தட்டினாலும் அசையாது. அணைத்துவிட்டு மறுபடி போட வேண்டும். அதுவரை அடித்தது எல்லாம் போச்சு. கீழே மாட்டு வண்டியிலும் டெம்போவிலும் வந்தவர்கள் சீட்டுக்காகப் பல் டாக்டர் வாசலில் காத்திருப்பார்கள்.

அந்தப் புரோகிராமை எழுதியவர் கோயமுத்தூர்க்காரர். எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவர் இருந்தவரை விழவில்லை, நான் வந்ததும் விழுகிறது. யாராக இருந்தாலும் என்னைத்தான் சொல்வார்கள். மேனேஜர் நல்லபடியாகத்தான் சொன்னார். "இந்த சீசனுக்குள்ள சரி பண்ணுங்கம்மா. இல்லேன்னா அவரையே கூப்பிட்டு வச்சுக்க வேண்டியதுதான். எனக்கும் வேற வழியில்லை." நான் தலையாட்டினேன். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டிருக்கலாம். தலையைத்தான் ஆட்டினேன்.

எல்லோரும் கவனித்த ஒரு விஷயம் உண்டு. நான் உட்கார்ந்து அடித்துப் பார்த்தால் மெஷின் விழாது. சரோஜா அடித்தால் விழும், அதுவும் எப்போதாவது. அவள் விசைகளை ஓங்கிக் குத்துகிறாள் என்று மேனேஜர் முடிவு கட்டி, மெதுவாகத் தட்டச் சொன்னார். அவள் முகம் சுண்டிப்போய் என்னிடம் வந்து சொன்னாள்:

"பூவத் தொடறாப்பலதான் தட்டறேனுங்க அக்கா. இந்த மெசினுக்கு என்னையக் கண்டாலே ஆகறதில்லீங்க."

மாடியிலிருந்து வந்த சத்தம்

மெஷினோடு ஒரு பிழை பிடிக்கும் புரோகிராமும் கொடுத்திருந்தார்கள். டீபக்கர் என்பார்கள். மெஷின் விழுந்த பிறகு அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று அது காட்டும். ஒரு தடவை காட்டும், மறுபடி கேட்டால் விளக்காது. சிஸ்டர் மாதிரி.

எங்களுக்கு மெஷின் விற்ற மெட்ராஸ் கம்பெனியின் சர்வீஸ் இன்ஜினியர் முரளிக்கு ட்ரங்க் கால் போட்டோம். அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். கம்ப்யூட்டருக்குள் பெயருக்கு, ஊருக்கு, எடைக்கு என்று வரிசையாக இடம் ஒதுக்கியிருக்கும். லைன் வீடுகள் மாதிரி. ஒரு பெயர் ரொம்ப நீண்டால் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டில் விழும். அடுத்து எங்கே போக வேண்டும் என்று மெஷின் தனக்காகக் குறித்து வைத்த விலாசம் அங்கே இருந்தால், அது அழிந்துபோய் மெஷின் வழி தெரியாமல் நின்றுவிடும். "பெயர் இருக்கற எடத்துல ஏதாவது நீளமா அடிச்சுப் பாருங்க மேடம். அப்பறம் டீபக்கர்ல என்ன தெரியுதுன்னு சொல்லுங்க."

பெயருக்குப் பதிலாக ஏ என்ற ஆங்கில எழுத்தையே வரி முழுக்க அடித்தேன். மெஷின் விழுந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தை வெளியில் சொல்ல வெட்கம். முதல் தடவையாக நானே அதை விழவைத்திருக்கிறேன். விலாசம் இருந்த இடத்தில் இரண்டு எழுத்து தெரிந்தது. ஏ, ஏ. வரிசையில் அது எத்தனாவது ஏ? அது தெரிந்தால்தானே பெயரை எந்த எழுத்தோடு நிறுத்த வேண்டும் என்று தெரியும். எல்லா ஏயும் ஒரே முகம்.

ட்ரங்க் காலில் கத்திப் பேசினால்தான் மெட்ராஸுக்குக் கேட்கும். "என்ன தெரியுது?" என்று முரளி கேட்க, நான் "ஏ" என்று கத்த, "என்ன?" என்று அவர் கேட்க, மறுபடியும் "ஏ, ஏ" என்று கத்த, கொஞ்ச நேரம் இதே நடந்தது. சாயங்காலம் படியிறங்கிப் போகும்போது கீழே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் என் கன்னத்தையே பார்த்தார்கள். பல் டாக்டரின் கம்பவுண்டர் அவர்களுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்:

"பயப்படாதீங்க, அது நம்ம டாக்டர் புடுங்கினதில்லை. மாடியில வேற என்னத்தையோ புடுங்கறாங்க."

நம்பர் போட்ட புளியமரம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்டூரில் நாத்தனார் வீட்டுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனேன். ஓமலூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பஸ் நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கி மர நிழலில் நின்றோம். எதிரே சேலம் போகிற பஸ் ஒன்று வந்தது. எங்கள் கண்டக்டர் கையைக் காட்டி அதை நிறுத்தினார். டிப்போவில் சொல்லி மெக்கானிக்கை அனுப்பச் சொன்னார். "எங்கன்னு சொல்றது?" என்று அந்த டிரைவர் கேட்டார். கண்டக்டர் நாங்கள் நின்ற புளியமரத்தைத் திரும்பிப் பார்த்தார். அடிமரத்தில் வெள்ளையடித்துக் கறுப்பில் ரோட்டு இலாகா எழுதிய நம்பரைப் படித்துச் சொன்னார். பஸ் போய்விட்டது.

பிறந்ததிலிருந்து அந்த ரோட்டில் போய் வருகிறேன். மரங்களில் நம்பர் இருப்பது தெரியும். புளி ஏலம் விடுவதற்கு எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்ததோடு சரி. அப்போதுதான் உறைத்தது. நான் நட்டு வைத்திருந்தது பூராவும் நம்பர் இல்லாத புளியமரம். ஏ, ஏ, ஏ. ஏ ஒன்று, ஏ இரண்டு, ஏ மூன்று என்று ஒன்பது வரை போய், பிறகு பி ஒன்று, பி இரண்டு என்று அடித்திருந்தால், எந்த இரண்டு எழுத்து விலாசத்தின் மேல் விழுந்தாலும் அது எத்தனாவது என்று அதுவே சொல்லிவிடுமே.

கண்டக்டரிடம் போய், "மரத்து நம்பர் சொன்னா மெக்கானிக்குக்குத் தெரியுமாங்க?" என்று கேட்டேன். வாழ்க்கையில் நானாகப் போய்க் கேட்ட ஒருசில கேள்விகளில் அதுவும் ஒன்று. அவர் என்னையும் பிள்ளையையும் பார்த்துவிட்டு, ஏதோ பயந்து கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

"மரமெல்லாம் ஒண்ணாட்டந்தான் இருக்குது சாமி. நம்பரு இல்லீன்னா மெக்கானிக்கு ஓமலூருக்கும் மேட்டூருக்கும் நடுவால குறுக்கயும் மறுக்கயும் ஓடிக்கிட்டுத்தான் கெடப்பான். நீ போயி நெழலுல குந்து."

ஒரு எழுத்து

திங்கட்கிழமை போய் அப்படியே அடித்தேன். மெஷின் விழுந்தது. டீபக்கர், எட்டு, பி என்று காட்டியது. நான் நட்ட வரிசையில் எட்டு, பி எங்கே வருகிறது என்று விரல் வைத்து எண்ணினேன். முப்பத்து நாலாவது இடம். அப்படியானால் முப்பத்து மூன்று எழுத்து வரை பத்திரம். பெயரை முப்பத்து மூன்றோடு வெட்டும்படி புரோகிராமை மாற்றினேன்.

நான் செய்த தப்பு அதற்குப் பிறகுதான். பெருமைக்காரியாகிவிட்டேன். மேனேஜரைக் கூப்பிட்டேன். மேனேஜர் ஆலைக்காரரைக் கூப்பிட்டார். சரோஜாவை உட்கார வைத்து, "எவ்வளவு நீளமான பேரு வேணும்னாலும் அடி, இனிமே விழாது" என்றேன். அவள் அடித்தாள். விழுந்தது. ஆலைக்காரர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். அந்தச் சுவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

முரளிக்கு மறுபடியும் ட்ரங்க் கால். இந்த மெஷின் இரண்டு எழுத்தை வாங்கினால் முன்னது பின்னதாக மாற்றிக் காட்டுமாம். எட்டு, பி என்று காட்டினால் உள்ளே இருப்பது பி எட்டு. பி எட்டு என்றால் முப்பத்து மூன்றாவது இடம். என் வரிசையில் இரண்டுமே பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால், ஒரு எழுத்து தள்ளி எண்ணிவிட்டேன். முப்பத்து இரண்டோடு வெட்டியிருக்க வேண்டும். அன்று கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன். வெளியே சரோஜா கதவோரம் நின்று சொன்னது கேட்டது:

"ஒரு எழுத்துதானுங்க அக்கா. எனக்கெல்லாம் நாளு பூரா எத்தனை எழுத்து தப்பு வருதுன்னு எண்ணுனா, நான் இங்கயே குடியிருக்கோணும்."

சின்னுஸ்

முப்பத்து இரண்டோடு வெட்டினேன். மெஷின் விழவில்லை. இரண்டு நாள் நன்றாகத் தூங்கினேன். மூன்றாம் நாள் ஆலைக்காரர் ஒரு எடைச் சீட்டோடு வந்தார். மேலகாட்டுத் தோட்டத்துச் சின்னுசாமி என்பவருக்கு அடித்த சீட்டு. ஆங்கில எழுத்தில், திரு, மேலகாடு, தோட்டத்து என்று ஒழுங்காகப் போய், கடைசியில் சின்னுஸ் என்று முடிந்திருந்தது.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. இந்தப் பக்கத்தில் ஒரே ஊரில் பத்துச் சின்னுசாமி இருப்பார்கள். தோட்டத்தின் பெயரைச் சேர்த்தால்தான் ஆள் தெரியும். போன சீசனில் டைப் அடித்தவர் தோட்டத்தையும் பெயரையும் மட்டும் அடித்திருக்கிறார். இடம் போதுமாக இருந்தது. நான் அடித்துப் பார்த்தபோதும் மொட்டைப் பெயர்தான். இந்த சீசனில் வந்த சரோஜா, வயதில் பெரியவர் என்று தெரிந்தால் முன்னால் திருவும் பின்னால் அவர்களும் சேர்த்துத்தான் அடிப்பாள். இளவட்டம் என்றால் வெறும் பெயர். அதனால்தான் மெஷின் எப்போதாவது மட்டும் விழுந்தது. அவள் மரியாதை கொடுத்த போதெல்லாம் அது படுத்திருக்கிறது.

"ஏன் சரோஜா என்கிட்ட சொல்லலை?" என்றேன். "நீங்க கேக்கலீங்களே அக்கா" என்றாள். நியாயம்தான். "அந்த அவர்கள விட்டுரலாமா?" என்றேன். "எங்க ஊர்ப் பெரியவங்கள எப்படீங்க மொட்டையா அடிக்கறது? கை வர மாட்டேங்குதுங்க" என்றாள். எனக்கும் விடச் சொல்ல வாய் வரவில்லை. ஊர்ப் பெயருக்கு ஒதுக்கிய இடம் நிறையவே இருக்கிறதே என்று, அதிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பெயருக்குக் கொடுத்தேன். ராசிபுரம், ஆத்தூர், நாமக்கல் எல்லாம் பத்து எழுத்துக்குள் அடங்கிவிடும். அப்படித்தான் நினைத்தேன். சீட்டைக் கொண்டுவந்த அன்று ஆலைக்காரர் கோபப்படவில்லை. சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்:

"எங்க சித்தப்பன் பேரு சின்னுசாமிங்க. சின்னுஸ்னு ஒரு வெள்ளைக்காரன் எங்க தோட்டத்துல இருந்ததா ஞாபகமே இல்லீங்க."

ஓட்டல் ஹாலில்

மெட்ராஸ் கம்பெனிக்காரர்கள் தங்கள் மெஷின் வாங்கியவர்களை எல்லாம் சேலத்தில் ஒரு ஓட்டல் ஹாலுக்கு அழைத்திருந்தார்கள். குறைகளைச் சொல்லலாம் என்றார்கள். மேனேஜர் என்னையும் கூட்டிப்போனார். ஹால் முழுக்க ஆண்கள். மில், லாரி கம்பெனி, தொழிற்சாலை என்று எல்லா இடத்திலிருந்தும் வந்திருந்தார்கள். பிள்ளையைக் கீழ் வீட்டு அக்காவிடம் காய்ச்சலோடு விட்டுவிட்டு வந்திருந்தேன். அந்தப் பயம் ஒரு பக்கம். சீக்கிரம் கேட்டுவிட்டு ஓடிவிட வேண்டும் என்ற அவசரத்தில்தான் எழுந்தேன் போலிருக்கிறது.

"டீபக்கரே ஒரு வரிசை உண்டாக்கிக் குடுக்கணும். எந்த எழுத்துச் சேர்க்கையும் ரெண்டாவது தடவை வராத வரிசை. மெஷின் விழுந்ததும், அது காட்டற எழுத்தை நாங்க டீபக்கர்கிட்டயே குடுப்போம். முன்னது பின்னதா இருந்தா அதுவே திருப்பிக்கணும். எத்தனாவது எழுத்துல விழுந்துதுன்னு அதுவே சொல்லணும்."

கான்வென்ட் ஆங்கிலத்தில் ஆரம்பித்துப் பாதியில் தமிழுக்கு வந்துவிட்டேன். பின்வரிசையில் ஒரு குரல், "ஒண்ணு ரெண்டு எண்ணறதுக்கு ஒரு புரோகிராமா, அம்மணி?" என்றது. சிரித்தார்கள். மேடையில் இருந்த பெரியவர், இதுவரை எந்த வாடிக்கையாளரும் இப்படி ஒன்று கேட்டதில்லை என்று நயமாகச் சொன்னார். பெஞ்சு மேல் ஏறி நிற்கிற மாதிரியே இருந்தது. "நான் எண்ணினேன் சார், ஒரு எழுத்து தப்பாயிடுச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். முரளி மட்டும் தலையைக் குனிந்து எதையோ குறித்துக்கொண்டிருந்தார்.

டீ நேரத்தில் மேனேஜருக்குக்கூடக் காத்திராமல் வாசலுக்கு நடந்தேன். படியருகே ஒருவர் வழிமறித்தார். மில்காரர், அப்பா வயது. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, என் புளியமர வரிசையைத் தனக்கும் சொல்லித்தரச் சொன்னார். சொன்னேன். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் டீயோடு வந்து நின்றார்கள். குரலை வைத்து ஒருவரை அடையாளம் கண்டுகொண்டேன். பின்வரிசைக் குரல். அவர் கப்பைப் பார்த்தபடியே சொன்னார்:

"எங்களுதும் வாரத்துக்கு ஒருக்கா படுத்துக்குதுங்க அம்மணி. கேக்கத்தான் கூச்சமா இருந்துது. நீங்களே கேட்டுப்போட்டீங்க."

பதினோராவது எழுத்து

முரளி ஒருநாள் புது ஃபிளாப்பியோடு வந்தார். நான் கேட்டது அதில் இருக்கிறது என்றார். அதே நாளில்தான் ஆலைக்காரர் கிழக்கே புது ஊர்களிலிருந்து கிழங்கு வாங்க ஆரம்பித்திருந்தார். முதல் சீட்டு அடிப்பதைப் பார்க்க அவரும் வந்திருந்தார். சரோஜா பெயரை அடித்தாள். மேலே திருவும் அவர்களும் அழகாக உட்கார்ந்தன. ஊரை அடித்தாள். மெஷின் படுத்துக்கொண்டது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "நல்லதாப் போச்சு, புதுசைப் போட்டுப் பாத்துரலாம்" என்று முரளி உற்சாகமாக உட்கார்ந்தார். டீபக்கரே வரிசையை உண்டாக்கியது. ஊர்ப் பெயரின் இடத்தில் அதை ஊட்டினார். விழுந்தது. காட்டிய எழுத்தை அதனிடமே கொடுத்தார். அது தானாகத் திருப்பிக்கொண்டு, திரையில் ஒரே ஒரு எண்ணைக் காட்டியது. பதினொன்று. அதாவது பத்து எழுத்துக்கு மேல் இடமில்லை. சரோஜா கொண்டுவந்த டீ இன்னும் ஆறவில்லை.

"ஊர்ப் பேருக்குப் பத்துதானா? யாரு இப்படி வச்சது? கோயமுத்தூர்க்காரரா?" என்றார் மேனேஜர். ஆமாம் என்று சொல்லியிருந்தால் யாருக்கும் தெரியாது என்று நினைக்காதீர்கள். புரோகிராமில் நான் மாற்றிய இடத்தில் என் பெயரின் முதலெழுத்தை நானே போட்டிருந்தேன். ஆனால் அதை யாராவது பார்க்கும் வரை காத்திருக்கத் தெம்பில்லை. "நான்தான் சார்" என்றேன். "எல்லா ஊரும் பத்துக்குள்ள அடங்கும்னு நெனச்சேன்."

சரோஜா அடித்த ஊர் தம்மம்பட்டி. ஆங்கிலத்தில் பன்னிரண்டு எழுத்து. எந்த ஊருக்குப் போய் அடங்கிவிடக் கூடாது என்று இத்தனை நாள் பயந்தேனோ, அந்த ஊரை மட்டும் எண்ண மறந்திருக்கிறேன். என் பிள்ளையின் ஜாதகத்தில் எழுதியிருக்கும் ஊர். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. முரளி, "மேடம், நீங்க கேட்ட வசதி மொத மொதல்ல உங்களையே புடிச்சுடுச்சு" என்று சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. இருந்தாலும் சிரிப்பு.

ஆலைக்காரர் இந்தத் தடவை சுவரைப் பார்க்கவில்லை. திரைக்குப் பக்கத்தில் குனிந்து அந்தப் பதினொன்றைப் பார்த்தார். "போன தடவ எங்கன்னே தெரியாம சீசன் பாதி போச்சுங்க. இன்னிக்கு டீ ஆறல. ஆரு தப்புன்னு கேட்டு நாம என்ன பண்ணப் போறோமுங்க மேனேஜரு. எங்க தப்புன்னு தெரிஞ்சுதில்லீங்க." நான் ஊருக்கு இடம் கூட்டினேன். பக்கத்தில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டு, சந்தேகம் வந்த இடத்தில் முரளியைக் கேட்டுவிட்டுக் கூட்டினேன். தம்மம்பட்டி முழுசாக அடித்து வெளியே வந்தது.

அடுத்த வாரம் என்னை நிரந்தரமாக்கும் ஆர்டரை அடிக்க மேனேஜர் சரோஜாவிடம் கொடுத்திருந்தார். எனக்குத் தெரியாது. பிரிண்டர் ஓடும் சத்தம் கேட்டு, எதற்கோ மெஷின் படுக்கப் போகிறது என்ற பழைய பயத்தில் ஓடிவந்தேன். சரோஜா தாளைக் கிழித்து நீட்டினாள். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். என் பெயருக்கு முன்னால் திருமதி. பின்னால் பார்த்தேன். நான் நிமிர்ந்தபோது அவள் சிரிக்காமல் சொன்னாள்:

"அவர்களும் போட்டுட்டேனுங்க அக்கா. எடம் பத்துச்சுங்க."

ஆக, என்னைப் போலக் கேள்வியை விழுங்கியவர்களே, எங்கே விழுந்தது என்று தயங்காமல் கேளுங்கள். பெரும்பாலும் அது கேட்டவரின் வீட்டு வாசலாகத்தான் இருக்கும், ஆனால் வாசலையாவது சரி செய்துவிடலாம்.